கணக்குப் பார்த்துச் செய்யும் ஊழியம்



சபைகளிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மருத்துவமனைக்கு என்ன கருவி வாங்கித் தரலாம்?" என்பதே அது. கேட்பவர்களின் அன்பு எங்களுக்குத் தெரியும். கருவி என்றால் அதன்மேல் கொடுத்தவரின் பெயரைப் பொறித்து வைக்கலாம். அடுத்த முறை வரும்போது தொட்டுப் பார்க்கலாம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் படமாகக் காட்டலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த இதழில் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியைப் பற்றி எழுத விரும்புகிறோம். ஒரு நோயைக் கண்டுபிடித்துக் குணமாக்க, ஒரு பெண் எத்தனை முறை எங்களிடம் வரவேண்டும்?

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கத் தன்னிடம் போதிய பணம் இருக்கிறதா என்று பார்ப்பான் என்பதை ஆண்டவரே உவமையாகச் சொன்னார் (லூக்கா 14). மருத்துவத்தில் இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்குத் தனியாக ஒரு படிப்பே இருக்கிறது. அதைச் சுகாதாரப் பொருளாதாரம் என்கிறார்கள். ஒரே ரூபாயை எந்த வழியில் செலவிட்டால் அதிக உயிர்கள் காக்கப்படும் என்று அது கேட்கிறது. எல்லா வழிகளையும் மக்கள்மேல் சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே காகிதத்திலும் கணினியிலும் ஒரு கற்பனை ஊரை உண்டாக்கி, அதில் ஒவ்வொரு வழியையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு மாதிரிக் கணக்கு என்று பெயர். தர்ம காரியத்தில் கணக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பது உண்டு. காணிக்கைப் பணத்தில்தான் கணக்கு மிக அதிகமாக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். நாங்கள் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பெண்களைத் தாக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

மெதுவாக வரும் நோய்

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இத்தனை சாவுகளும் நேர்வது தடுக்கக்கூடிய ஒரு நோயால் என்பதே நம்மை வருத்தவேண்டிய செய்தி.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மன் மருத்துவர் ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் வழியாக வரும் இந்த வைரஸ் மிகச் சாதாரணமானது. பெரும்பாலான பெண்களின் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை வென்றுவிடும். ஆகவே இதை யாருடைய நடத்தையோடும் சேர்த்துப் பேசுவது தவறு. சபைகளில் இதைப்பற்றிப் பேசுகிறவர்கள் முக்கியமாக இதை நினைவில் வைக்கவேண்டுகிறோம். ஒருசிலருக்கு மட்டும் வைரஸ் போகாமல் தங்கி, கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் உள்ள செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் எப்போது கண்டுபிடித்தாலும் ஒரு சிறிய சிகிச்சையில் முடித்துவிடலாம். வலி இல்லாத அந்த இடத்தை ஐஸ்போலக் குளிர்ந்த உலோக முனையால் சில நிமிடங்கள் உறைய வைத்தால் போதும். மயக்க மருந்து வேண்டாம், அறுவை வேண்டாம், படுக்கையும் வேண்டாம்.

ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளிலும் அவளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. தொந்தரவு இல்லாதவள் ஏன் மருத்துவமனைக்கு வரப்போகிறாள்? எங்கள் பகுதியில் ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வயலோரத்தில் நடவு, களை, அறுப்பு. கரையோரத்தில் விடியற்காலையிலேயே மீன் கூடையைத் தூக்கினால் தெருத்தெருவாக விற்று முடிய மதியம் ஆகிவிடும். பிறகு சமையல், பிள்ளைகள், மாமியார். வெள்ளை படுகிறது என்றால் உடம்புச் சூடு என்று சொல்லி மோர் குடிப்பார்கள். தீட்டு நின்று பல வருஷம் கழித்து இரத்தம் பட்டாலும், வெளியே சொல்ல வெட்கம். கடைசியில் இடுப்பு வலி தாங்காமல் வரும்போது நோய் முற்றியிருக்கும்.

அப்போது தேவைப்படுவது கதிர்வீச்சுச் சிகிச்சை. காரைக்கால் பகுதி தமிழகத்து மாவட்டங்கள் சூழ, புதுச்சேரி ஆட்சியின்கீழ் உள்ள சிறு நிலம். தலைநகர் புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில். ஜிப்மர் மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போனால் வாரக்கணக்கில் தங்கவேண்டும். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், கூடப் போகிறவருக்குச் சாப்பாடு, தங்க இடம், இரண்டு பேருடைய கூலி நஷ்டம் ஆகியவற்றுக்கு யாரும் ரசீது தருவதில்லை. தோடு அடகுக் கடைக்குப் போகும், பசுமாடு சந்தைக்குப் போகும். சுகாதாரப் பொருளாதாரம் படித்தவர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, இந்த ரசீது இல்லாத செலவுகளையும் நோயின் விலையில் சேர்க்கக் கற்றுக்கொடுத்ததுதான்.

முன்னோர் பார்த்த கணக்கு

இப்படி யோசிப்பது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. மிஷன் ஊழியத்தோடு தொடர்புடைய பழைய உதாரணம் ஒன்றைச் சொல்கிறோம். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் மிஷன்கள் சானடோரியங்களைக் கட்டின. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் ஒன்றுகூடி நடத்திய சானடோரியம் அவற்றுள் புகழ்பெற்றது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, மாதக்கணக்கில் படுக்கை. ஆனால் 1950-களில் நாட்டில் தொற்றைப் பரப்பக்கூடிய காசநோயாளிகள் சுமார் 15 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. படுக்கைகளோ சில பத்தாயிரம். எத்தனை சானடோரியம் கட்டினாலும் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு நெருக்கடியான அவர்களுடைய சொந்த வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. அந்த ஆறு சதவீத வித்தியாசத்துக்காக 15 லட்சம் படுக்கை கட்டுவதா, அல்லது எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பதா? உலகமே மாத்திரையின் பக்கம் திரும்பியது. அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் எழுந்த அதே காலத்தில், வாலர், கேசர், ஆண்டர்சன் என்னும் மூவர் 1962-இல் காசநோய்க்கு ஒரு மாதிரிக் கணக்கை வெளியிட்டார்கள். காசநோய்க்கென்று செய்யப்பட்ட மாதிரிக் கணக்குகளில் அது முன்னோடி. அடுத்த ஆண்டு பானர்ஜியும் ஆண்டர்சனும் வெளியிட்ட ஆய்வு அதைவிட எளிமையானது, எங்களுக்கு அதைவிடப் பிடித்தது. கிராமங்களில் காசநோய் உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தபோது, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏற்கெனவே அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கு இருமலோடு போய் வந்தவர்கள். நோயாளி வந்துவிட்டார், பரிசோதனை நடக்கவில்லை. ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டியை ஓட்டுவதற்கு முன்பு, வாசலுக்கு வந்தவரின் சளியைச் சோதிக்க வழி செய்யுங்கள் என்பதுதான் அதிலிருந்து பிறந்த திட்டம்.

ஆயிரம் பெண்கள், இருபது பேர்

இனி நம்முடைய கணக்குக்கு வருவோம். வரிச்சிக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் முப்பது வயதைத் தாண்டிய ஆயிரம் பெண்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் இருபது பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் மாற்றம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள்தாம். வாசகர்கள் பென்சில் எடுத்துக் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

முதல் வழி பாப் ஸ்மியர். கர்ப்பப்பை வாயிலிருந்து சில செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அது நூற்றுக்கு 60 பேரைக் கண்டுபிடிக்கும் என்று கொண்டால், இருபதில் 12. ரிப்போர்ட்டை வாங்க அவர்கள் மறுபடி வரவேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 15 பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்றால், வருகிறவர்கள் 10. சிகிச்சைக்கு மூன்றாம் முறை வரவேண்டும். அதற்குள் எட்டு அல்லது ஒன்பது பேராகக் குறைந்திருப்பார்கள். இருபதில் பதினோரு பேர் நம் கையிலிருந்து நழுவிவிட்டார்கள்.

இரண்டாம் வழியில் ஆய்வுக்கூடம் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் அந்த இடத்தில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார். அசெட்டிக் அமிலம் வேறொன்றும் இல்லை. வேதத்தில் நாம் படிக்கும் காடியில் இருப்பதுதான். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இது நூற்றுக்கு 75 பேரைக் கண்டுபிடித்தால் இருபதில் 15. பக்கத்து அறையிலேயே, அன்றைக்கே உறைய வைக்கும் சிகிச்சை. அதே பதினைந்து பேரும் குணமாகி வீடு திரும்புகிறார்கள்.

மூன்றாம் வழி எச்.பி.வி. வைரஸையே தேடும் பரிசோதனை. மூன்றிலும் கூர்மையானது இதுவே. நூற்றுக்கு 90 என்றால் இருபதில் 18 பேர். ஆனால் கருவி தூரத்து நகரத்தில் இருந்து, முடிவு பல நாள் கழித்து வந்து, சிகிச்சைக்கு இன்னொரு முறை வரவேண்டுமானால் 15 ஆகிறது. இடையில் பெரிய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் சிகிச்சை என்றால் 13. விலை உயர்ந்த கருவி காடியைவிடப் பின்தங்கிவிட்டது! கருவியின் குற்றம் அல்ல இது. பேருந்தும் கூலியும் வெட்கமும் சேர்ந்து செய்த வேலை.

காடிப் பரிசோதனைக்கும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அது ஆயிரத்தில் ஏறக்குறைய நூறு பேரைச் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று காட்டும். உண்மையில் மாற்றம் உள்ளவர்கள் அவர்களில் பதினைந்து பேர்தாம். மற்றவர்களில் சிலருக்குத் தேவையில்லாமல் உறைய வைக்க நேரிடும். சில வாரங்கள் நீர் போலப் படும், கொஞ்சம் வலிக்கும். பத்து ஆண்டு கழித்து ஒரு தாயை இழப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய விலைதான். ஆனாலும் விலை விலையே. ஆகையால் அந்தப் பெண்ணிடம் முன்பே எடுத்துச் சொல்லிச் சம்மதம் கேட்கவேண்டும்.

இதே கேள்வியைத்தான் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூ கோல்டியும் அவருடைய குழுவினரும் மிகப் பெரிய அளவில் போட்டுப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். இந்தியா, கென்யா, பெரு, தென் ஆப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் விவரங்கள் அதில் இருந்தன. கணினிக்குள் வாழும் பெண்கள் ஒவ்வொரு ஆண்டும் வயது ஏறுகிறார்கள், சிலருக்கு வைரஸ் தொற்றுகிறது, பலருக்குப் போய்விடுகிறது, சிலர் பரிசோதனைக்கு வருகிறார்கள், சிலர் வராமல் போகிறார்கள். பஞ்சின் விலை, நர்ஸின் சம்பளம் மட்டுமல்ல, அந்தப் பெண்ணின் பயணச் செலவும் அவள் இழக்கும் நேரமும் கணக்கில் சேர்க்கப்பட்டன. வந்த விடை இதுதான்: வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 35 வயதை ஒட்டி, ஒன்று அல்லது இரண்டு வருகையில் முடியும்படி காடியாலோ எச்.பி.வி. பரிசோதனையாலோ பார்த்தால், இந்த நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 36 சதவீதம் வரை குறையும். ஓர் ஆயுள் ஆண்டைக் காப்பாற்ற ஆகும் செலவு ஐந்து நாடுகளிலும் 500 டாலருக்கும் குறைவு.

ஏன் 35? இருபத்தைந்தில் பார்த்தால் தானாகப் போய்விடும் வைரஸுக்கெல்லாம் சிகிச்சை செய்துகொண்டிருப்போம். ஐம்பத்தைந்தில் பார்த்தால் சிலருக்குக் காலம் கடந்திருக்கும். ஒருமுறைதான் வலைவீச முடியும் என்றால் எப்போது வீசுவது என்று எங்கள் கரையோரத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அம்பிளிக்கையில் நடந்தது

கணினியில் வாழும் பெண்களை வைத்துச் சொல்வதை நம்பலாமா? நியாயமான கேள்வி. அதற்கு விடை தந்ததில் பெரும்பங்கு நம்முடைய தமிழ்நாட்டிலேயே, கிராமத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ மருத்துவ ஊழியத்துக்கு உரியது என்பதை நம் சபையார் பலர் அறிய மாட்டார்கள்.

1955-இல் டாக்டர் ஏ. கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் ஒட்டன்சத்திரத்தில் ஐக்கிய வாழ்வு வாழ்ந்து தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவ ஊழியத்தைப்பற்றி மூத்த வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் அருகே அம்பிளிக்கையில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம் இருக்கிறது. இந்த மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வை நடத்தின. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அதன் தலைமை ஆய்வாளர்.

கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். குலுக்கல் முறையில் பாதித் தொகுதிகளில், 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களை ஒருமுறை காடிப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். பொருத்தமானவர்களுக்கு அதே வருகையில் உறைய வைக்கும் சிகிச்சையைச் செய்தவர்களும் அந்த நர்ஸுகளே. தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர் 2000 முதல் 2003 வரை வந்தார்கள். நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சந்தேகக்குறி தெரிந்தது. முன்மாற்றம் இருந்த 1,874 பெண்களில் 72 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றனர்.

பிறகு 2006 வரை பொறுமையாகப் பின்தொடர்ந்து, நோயையும் சாவையும் பதிவேட்டில் எண்ணினார்கள். 2007-இல் லான்செட் பத்திரிகையில் வெளியான முடிவின்படி, அழைக்கப்பட்ட கிராமங்களில் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும், நோயால் சாவது 35 சதவீதமும் குறைந்தன. இந்த எண்களில் அழைத்தும் வராத பெண்களும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். முப்பதுகளில் இருந்த பெண்களுக்கு நன்மை எல்லாரையும்விட அதிகம். கணினி வாழ்நாள் முழுவதையும் பார்த்தது, அம்பிளிக்கை சில ஆண்டுகளை மட்டும் பார்த்தது. ஆகையால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் காகிதத்தில் போட்ட கணக்கும் வெயிலில் நடந்து போட்ட கணக்கும் ஒரே திசையைக் காட்டின.

அழைக்கப்படாத கிராமங்களில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே கிடைத்தது, 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைப்பற்றிப் பிற்காலத்தில் கடுமையான விமர்சனம் எழுந்தது. அன்று நாட்டில் கிராமப்புறப் பெண்களுக்கு முறையான பரிசோதனையே இல்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த 92 பேரை வெறும் ஒப்பீட்டு எண்ணாகக் கடந்துபோக எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் வழியாகக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

கூர்மையான கருவியின் பக்கம்

மகாராஷ்டிரத்தின் உஸ்மனாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வேறு விடை சொன்னது. அங்கே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்யப்பட்ட பிரிவில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காடிப் பிரிவிலும் பாப் ஸ்மியர் பிரிவிலும் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. மும்பைக் குடிசைப் பகுதிகளிலோ, டாடா நினைவு மருத்துவமனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று காடிப் பரிசோதனை செய்தபோது சாவு 31 சதவீதம் குறைந்தது.

முரண்பாடாகத் தோன்றும் இந்த முடிவுகளில் எங்களுக்குத் தெரியும் பாடம், காடிப் பரிசோதனையின் கருவி நர்ஸின் கண் என்பதே. அந்தக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும், அடிக்கடி யாராவது கூட இருந்து சரிபார்க்கவேண்டும். மேலே போட்ட கணக்கில் 75-க்குப் பதிலாக 50 என்று போட்டுப் பாருங்கள். பதினைந்து பத்தாகிவிடும், கூர்மையான கருவி முந்திவிடும். பயிற்சி என்பது படம் எடுத்துக் காட்ட முடியாத காணிக்கை. அதனால்தானோ என்னவோ, அதற்குக் கொடுப்பவர்கள் குறைவு.

தமிழ்நாடு அரசு 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்தான். நாடு முழுவதற்கும் எடுத்தால் 1.9 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்.பி.வி. பரிசோதனையையே முதலாவதாகப் பரிந்துரைத்தது. பெண்கள் தாங்களே மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம் என்பதும் அதில் உண்டு. இது எங்கள் ஊருக்கு மிகவும் ஏற்றது. பரிசோதனை மேசையில் படுக்க வெட்கப்படுகிறவள், திரைக்குப் பின்னால் ஒரு பஞ்சுக் குச்சியால் தானே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும் கருவி அருகில் இருந்தால், கூர்மையும் ஒரே வருகையும் சேர்ந்து கிடைக்கும். இருபதில் பதினெட்டு! ஆகவே கருவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சோதனைப் பொருள்கள் தொடர்ந்து வாங்கப் பணமும், அன்றைக்கே சிகிச்சை செய்ய ஆளும் இல்லாமல் கருவி மட்டும் வந்தால் துணி போர்த்தி வைக்கத்தான் உதவும்.

தடுப்பூசியிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தியாவில் 2009-இல் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியா மூன்று ஊசியா என்று ஒப்பிடத் தொடங்கிய ஆய்வு, 2010-இல் அரசின் உத்தரவால் இடையிலே நிறுத்தப்பட்டது. அதனால் பல பிள்ளைகளுக்கு ஒரே ஊசியோடு நின்றுபோனது. அவர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, முக்கியமான இரண்டு வகை வைரஸ் தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரே ஊசியும் 95 சதவீதம் வல்லமையுடையதாக இருந்தது என்று 2021-இல் வெளிவந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசி முறையையும் ஏற்றுக்கொண்டது. ஓர் ஊசி என்றால் அதே பணத்தில் இருமடங்கு பிள்ளைகள். வீணாய்ப்போனது என்று எல்லாரும் நினைத்ததிலிருந்து இப்படி ஒரு நன்மையைக் கர்த்தர் எடுத்துக் கொடுத்தார் என்றே நாங்கள் எண்ணுகிறோம். இருந்தாலும் இன்றைக்கு முப்பத்தைந்து வயதில் இருக்கும் தாய்க்கு அந்த ஊசி பெரிதாக உதவாது. அவளுக்குப் பரிசோதனைதான்.

எங்கள் திட்டம்

இந்தக் கணக்குகளையெல்லாம் வைத்து எங்கள் ஊழியக் குழுவினர் கூடிப் பேசியபோது, நாள் குறிப்பதுதான் முதலில் வந்தது. காரைக்கால் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விற்கும் பெண்களுக்கு அந்த நாள்களில் கூடை கனக்காது. ஒருநாள் வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. வயல் வேலை செய்கிறவர்களுக்கோ பொங்கலுக்குப் பின் சம்பா அறுப்பு முடிந்த வாரங்கள்தான் வசதி. முகாமை எங்கள் வசதிக்கு வைக்காமல் அவர்கள் வசதிக்கு வைப்பதில் ஒரு காசு செலவில்லை. கணக்கில் அதுவே பெரிய வரவு.

அடுத்ததாக, பார்த்த இடத்திலேயே சிகிச்சை. இதற்கு உறைய வைக்கும் கருவியோடு வாயு சிலிண்டரும் அன்று கையில் இருக்கவேண்டும். சிலிண்டர் காலியாக இருப்பதால் "அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பும் ஒவ்வொரு பெண்ணும் அந்த நூற்றுக்குப் பதினைந்தில் ஒருத்தியாகலாம். பெரிய புண் உள்ளவர்களையும் புற்றுநோய் என்று சந்தேகப்படுகிறவர்களையும் மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது, தனியே சீட்டைக் கொடுத்து அனுப்பாமல், கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வர ஒரு சகோதரி வேண்டும். அவருடைய பேருந்துக் கட்டணமும் எங்கள் கணக்கில் மருந்தாகவே எழுதப்படும்.

கணக்கு எங்களுக்கு வழிகாட்டாத ஓரிடத்தையும் சொல்லவேண்டும். நோய் முற்றிய நிலையில் வரும் பெண்ணுக்கு மாதிரிக் கணக்கில் மதிப்பெண் மிகக் குறைவு. அவளுக்குச் செலவிடும் பணத்தில் ஆயுள் ஆண்டுகள் அதிகம் கிடைக்காது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனையும் எந்தப் பொருளாதார அறிஞரும் பாராட்டியிருக்க மாட்டார். வலியைத் தணிக்கும் மருந்து, நாற்றம் வராமல் புண்ணைக் கட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது ஆகியவற்றுக்கான தொகையை நாங்கள் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றப் பணத்துக்குக் கணக்குப் போடுகிறோம். இந்த ஒழுங்கை மாற்ற எங்களுக்கு விருப்பம் இல்லை.

எங்களுக்காக ஜெபிக்கிறவர்கள், காடிப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற முன்வரும் நர்ஸுகளுக்காகவும், மனைவியை அனுப்பத் தயங்கும் கணவன்மார்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கணவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் வந்துவிடுகிறாள். காணிக்கை அனுப்புகிறவர்கள் "கருவிக்காக" என்று எழுதுமிடத்தில், மனமிருந்தால், "ஒரே நாள் முகாமுக்காக" என்று எழுதுங்கள். அது கையுறை, பஞ்சு, அமிலம், வாயு, நர்ஸின் பயிற்சி, வண்டி வாடகை என்று பல சிறு பெயர்களில் செலவாகும். உங்கள் சபையில் முப்பது வயதுக்கு மேற்பட்ட சகோதரிகள் இதுவரை இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளவில்லை என்றால், அவர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ மிஷன் மருத்துவமனையிலோ கேட்டுப் பார்க்கும்படி போதகர்கள் ஆராதனை அறிவிப்பில் ஒருமுறை சொல்வது நல்லது. எங்கள் கரையோர முகாம்கள் தடைக்காலம் தொடங்கிய பிறகு வரும் முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்து, காலை பத்து மணிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் ஆரம்பமாகும்.